இரண்டாம் முறை சொன்ன சொல்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சென்ற ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்கின் ‘ஏ அண்ட் பி’ சிறுகதையைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம். வயதின் வேகத்தில் பெரியவர்களை எதிர்த்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளாகத் தேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. நீச்சலுடையில் மளிகைக் கடைக்கு வந்த மூன்று பெண்களை மேலாளர் கடிந்துகொள்ள, கல்லாவில் நிற்கும் சாம்மி என்ற பையன் வேலையை விட்டுவிடும் கதை இது. கதையை எல்லோரும் வாசித்துவிட்டு வந்திருந்ததால் பேச்சு நேராகத் தீர்ப்பில்தான் தொடங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நிறைய வாசித்தவர், யாரையும் புண்படுத்தாமல் பேசுகிறவர், அன்று சற்று அழுத்தமாகவே சொன்னார்: “மூன்று பெண் பிள்ளைகள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பையன் வேலையை உதறுகிறான். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இதில் கலகம் எங்கே வந்தது? இது மைனர்த்தனம், அவ்வளவுதான்.” பலர் தலையசைத்தார்கள். மறுத்துப் பேச என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை, ஏனென்றால் கதையே அவர் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. அந்தப் பெண்களின் காதில் விழும்படி அவசரமாகச் சொன்னதாகவும், அவர்கள் நின்று தன்னை ஒரு நாயகனாகப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்ததாகவும் சாம்மியே ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு எனக்குச் செரிக்கவில்லை. நோக்கத்தில் மாசு இருந்தால் செயலும் மாசுபட்டுவிடுமா என்ற கேள்வியோடுதான் பிறகு அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒவ்வொரு வாசிப்பிலும் என் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சாம்மி இரண்டு முறை சொல்கிறான். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே ஒரு தானியங்கிக் கதவு திறக்கிறது, அந்தப் பெண்கள் வெளியே போய்விடுகிறார்கள். தலைமையாசிரியர் சொன்னது முழுவதும் முதல் முறைக்குப் பொருந்தும். இரண்டாம் முறைக்கு அதில் ஒரு சொல்லும் பொருந்தாது என்று நான் நினைக்கிறேன்.

அவனுடையதல்லாத சண்டை

கதை 1961 ஜூலை 22 தேதியிட்ட ‘நியூ யார்க்கர்’ இதழில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ‘பிஜன் ஃபெதர்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது. ஏ அண்ட் பி என்பது கற்பனைக் கடையன்று. 1859-இல் தேயிலை வணிகத்தில் தொடங்கி, 1930 வாக்கில் 15,000-க்கும் மேற்பட்ட கிளைகளை வைத்திருந்த ‘கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் டீ கம்பெனி’யின் சுருக்கப் பெயர் அது. கதை எழுதப்பட்ட காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய மளிகை நிறுவனம் அதுதான். கல்லாவில் நிற்கும் 19 வயதுப் பையன் எதிர்த்துப் பேசினால் அந்த நிறுவனத்தின் மீது ஒரு கீறல்கூட விழாது என்பது அன்றைய வாசகர்களுக்குத் தலைப்பைப் படித்தபோதே தெரிந்திருக்கும். சாம்மிக்கும் அது தெரியும். 1990-இல் இந்தக் கடையின் பெயர் ‘கிரேட் அலெக்சாண்ட்ரோவ் அண்ட் பெட்ரூஷ்கி டீ கம்பெனி’ என்று மாறியிருக்கலாம் என ஓரிடத்தில் அவன் நினைத்துப் பார்க்கிறான். ரஷ்யாவோடு நிலவிய பனிப்போர் உச்சத்தில் இருந்த கோடைக்காலம் அது. கதை அச்சான அடுத்த மாதமே பெர்லின் சுவர் எழும்பிவிட்டது. நாடே எதிரியின் கைக்குப் போனாலும் கடை அப்படியே இருக்கும், பலகையில் பெயர் மட்டும் மாறும் என்பதுதான் அந்தப் பையனின் உலக அறிவு. வேடிக்கையான வரி என்று பலரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். தான் எதிர்த்து நிற்கப்போவது எவ்வளவு பெரியது என்று அவன் அறிந்தே நிற்கிறான் என்பதற்கு எனக்கு அந்த வரி போதும். (நிறுவனம் 2015-இல் திவாலாகிக் கடைகளை மூடியது, அதைத் தள்ளியது சந்தை, சாம்மிகள் அல்லர்.)

ஊர் பாஸ்டனுக்கு வடக்கே இருக்கிறது. கடற்கரை ஐந்து மைல்தான், ஆனால் இருபது ஆண்டுகளாகக் கடலைப் பார்க்காதவர்களும் அங்கே இருக்கிறார்கள். கடைவாசலில் நின்றால் இரண்டு வங்கிகள், ஒரு தேவாலயம், ஒரு பத்திரிகைக் கடை, மூன்று வீட்டுமனைத் தரகு அலுவலகங்கள், உடைந்த சாக்கடைக்காகச் சாலையைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் ஆகியவை தெரியும். கூட்டமில்லாத ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் மூன்று பெண்கள் நீச்சலுடையில், காலில் செருப்புக்கூட இல்லாமல் உள்ளே வருகிறார்கள். அடுக்குகளைச் சுற்றிவிட்டு 49 சென்ட் விலையுள்ள ஹெர்ரிங் மீன் புட்டி ஒன்றோடு சாம்மியின் கல்லாவுக்கு வருகிறார்கள். முட்டைக்கோஸ் லாரிக்காரரோடு பேரம் பேசிவிட்டு உள்ளே நுழையும் மேலாளர் லெங்கல் அவர்களைப் பார்த்து, இது கடற்கரை இல்லை என்கிறார். அம்மா வாங்கிவரச் சொன்னார் என்கிறாள் முன்னால் நிற்பவள். சாம்மி மனதுக்குள் ‘குவீனி’ என்று பெயரிட்டிருப்பவள். ஒழுங்காக உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்கிறார் அவர். நாங்கள் ஒழுங்காகத்தான் இருக்கிறோம் என்கிறாள் அவள். இனிமேல் தோளை மூடிக்கொண்டு வாருங்கள், இது கடையின் விதி என்று அவர் முடித்துக்கொள்கிறார்.

இவ்வளவுதான் வெளியே நடக்கும் மோதல். அதில் சாம்மிக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்களுக்கான உரைநூல்கள் கதையின் போராட்டத்தை அகம், புறம் என்று இரண்டாகப் பிரித்து, புறப்போராட்டம் சாம்மிக்கும் லெங்கலுக்கும் இடையே என்று எழுதிவிடுகின்றன. கதையில் அப்படி இல்லை. லெங்கல் அவனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சம்பளத்திலோ வேலை நேரத்திலோ அவனுக்கு ஒரு குறையும் சொல்லப்படவில்லை. மோதல் லெங்கலுக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையிலானது. அதுவும் சில வாக்கியங்களில் முடிந்துபோகிறது. பெண்கள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள், வந்த பொருளையும் வாங்கிவிட்டார்கள். தன்னுடையதல்லாத ஒரு சண்டையை, அது முடிந்துபோன பிறகு, கையில் எடுத்துக்கொள்கிறான் இவன். இளம்வயது எதிர்ப்புகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே வெகுநாளாகக் கிடந்த ஒன்றுக்கு வெளியே ஒரு நிகழ்ச்சி தேவைப்படுகிறது, கிடைத்த நிகழ்ச்சியை அது பற்றிக்கொள்கிறது.

உள்ளே என்ன கிடந்தது என்பதற்கும் கதை தடயம் வைத்திருக்கிறது. குவீனி வாயைத் திறந்து அந்த மீன் புட்டியைப் பற்றிச் சொன்னவுடன், அவள் குரலின் வழியாக அவள் வீட்டு வரவேற்பறைக்குள் இறங்கிவிடுவதாகச் சாம்மி சொல்கிறான். அங்கே ஆண்கள் வெண்ணிறக் கோட்டும், கழுத்தில் போ டை என்னும் முடிச்சுப் பட்டையும் அணிந்து நிற்கிறார்கள். பெண்கள் பெரிய தட்டிலிருந்து பல்குத்தும் குச்சியால் மீன் துண்டுகளை எடுக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஆலிவும் புதினாத் தளிரும் மிதக்கும், தண்ணீர் நிறத்துப் பானம். தன் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கொண்டாட்டமான விருந்து என்றால் கேலிச்சித்திரம் அச்சிட்ட உயரமான கண்ணாடிக் குவளைகளில் பீர். ஒரு புட்டி மீனைக் கொண்டு இரண்டு வர்க்கங்களையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார் அப்டைக். போ டை கதையில் இரண்டு இடங்களில் வருகிறது. குவீனியின் தந்தை கழுத்தில் இருப்பது விருந்துக்கு உரியது. சாம்மியின் கழுத்தில் இருப்பது வேலைச் சீருடை; போகும்போது கழற்றிக் கல்லாமேல் போடுகிறான், அது கடைக்குச் சொந்தமானது என்று நம்மிடம் சொல்லியும் வைக்கிறான். எதை அணிந்திருக்கிறோம் என்பதையும் அது யாருடையது என்பதையும் ஒரு 19 வயதுப் பையன் இவ்வளவு கூர்மையாக அறிந்திருக்கிறான். அந்த அறிவுதான் அவனை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கைகள் வேலை செய்யும்போது

கதையில் நான் அதிகம் நேசிக்கும் பகுதி, லெங்கல் பேசி முடித்ததற்கும் சாம்மி வாய் திறப்பதற்கும் இடையில் உள்ளது. மற்ற வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கல்லாவில் நிற்கும் ஸ்டோக்ஸியிடம் ஒதுங்கிக் குவிந்துவிட்டார்கள். 22 வயது, மனைவி, இரண்டு குழந்தைகள், ஒருநாள் மேலாளராகும் கனவு எல்லாம் உள்ள ஸ்டோக்ஸி, ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்பதற்காகக் காகிதப் பையைச் சத்தமெழாமல் விரித்துக்கொண்டிருக்கிறான். அந்த அமைதியில் லெங்கல் கேட்கிறார்: சாம்மி, இவர்கள் வாங்கியதற்குப் பில் போட்டுவிட்டாயா? சாம்மி யோசித்துவிட்டு “இல்லை” என்கிறான். ஆனால் தான் யோசித்தது அதைப் பற்றியன்று என்று உடனே நமக்குச் சொல்கிறான்.

அந்த “இல்லை” என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு வேலையாளின் பணிவான பதில். பில் போடவில்லை என்ற தகவல். ஆனால் அவனுக்குள் அது வேறொரு கேள்விக்கான பதிலாகப் போய்விழுகிறது. அடுத்து அவன் விரல்கள் தாமாக வேலை செய்கின்றன. பொத்தான்களை அழுத்துகிறான், அந்தச் சத்தங்களுக்குத் தான் கட்டி வைத்திருக்கும் பாட்டு வரி மனதுக்குள் ஓடுகிறது. மடங்கிய ஒரு டாலர் நோட்டைப் பிரித்துவிடுகிறான். அரை டாலர் காசையும் ஒரு சென்ட்டையும் அவள் உள்ளங்கையில் வைக்கிறான். புட்டியைப் பைக்குள் இறக்கி, பையின் வாயை முறுக்கிக் கொடுக்கிறான். இத்தனைக்கும் நடுவில் யோசித்துக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறான். என்ன யோசித்தான் என்று சொல்வதில்லை. அகப்போராட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் பாத்திரத்தைத் தனியே உட்காரவைத்து நான்கு பத்தி புலம்பவிட வேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும். பழகிய வேலையைப் பழகிய கைகள் செய்துகொண்டிருக்க, அந்தக் கைகள் இனி இங்கே இருக்கப்போவதில்லை என்ற முடிவு அவற்றுக்கு மேலே எங்கோ திரண்டுகொண்டிருக்கிறது. சில்லறைக் கணக்கு ஒரு சென்ட்கூடப் பிசகவில்லை. 49 போக 51.

கதவு திறந்த பிறகு

பெண்கள் வெளியேறும் அவசரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சாம்மி சொல்கிறான். அவர்கள் நிற்கவில்லை. மின்கண் அவர்களைக் கண்டு கதவைத் திறந்துவிட, வாகன நிறுத்துமிடத்தைக் கடந்து காருக்குப் போய்விடுகிறார்கள். கல்லாவில் எதிரெதிரே மிஞ்சியவர்கள் சாம்மியும், ஒரு புருவம் நெளிந்து நிற்கும் லெங்கலும். அப்போது லெங்கல் கேட்கிறார்: ஏதாவது சொன்னாயா, சாம்மி?

இந்தக் கேள்வியில் எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. அடுத்த வரியில் அவரே அதைச் சொல்லிவிடுகிறார். கேட்டும் கேட்காததுபோல் ஒரு வாய்ப்பை நீட்டுகிறார். “ஒன்றுமில்லை” என்று சாம்மி சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். யார் முன்னால் நாயகனாக விரும்பினானோ அவர்கள் போய்விட்டார்கள். யார் வேலையைப் பறிக்கக்கூடுமோ அவரே மன்னிக்கத் தயாராக இருக்கிறார். முதல் முறை சொன்னபோது அவனுக்கு இருந்த காரணம் எதுவும் இப்போது மிச்சமில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அவன் இரண்டாம் முறை சொல்கிறான்: வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன்.

தலைமையாசிரியரின் வாதம் இந்த இடத்தில் நின்றுபோகிறது என்று நான் கருதுகிறேன். பெண்களைக் கவர்வதுதான் காரணம் என்றால், பெண்கள் போனதும் செயலும் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை, இறுகுகிறது. அவர்களை நீங்கள் சங்கடப்படுத்தியிருக்க வேண்டியதில்லை என்று இப்போதுதான் அவன் லெங்கலிடம் சொல்கிறான். குற்றச்சாட்டு என்ற ஒன்று அவன் வாயிலிருந்து வருவதே இப்போதுதான், அதைக் கேட்க அந்தப் பெண்களில் ஒருத்தியும் அங்கே இல்லாதபோது. நோக்கம் முதலில் வந்து செயல் பின்னால் வரும் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே அரைகுறை நோக்கத்தோடு வாயிலிருந்து விழுந்துவிட்ட ஒரு சொல், தனக்குத் தகுதியான நோக்கத்தைப் பின்னால் தேடிக்கொள்கிறது.

அதன்பின் லெங்கல் இரண்டு வாதங்களை வைக்கிறார். உன் அப்பா அம்மாவுக்கு இப்படிச் செய்ய நீ விரும்பமாட்டாய் என்கிறார். அவர் அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டு நண்பர். இந்த வாதத்தின் எடை நமக்கு விளக்கத் தேவையில்லை. சாம்மி என்ன சொல்கிறான்? உண்மைதான், விரும்பவில்லை என்கிறான், நம்மிடம். தொடங்கிவிட்ட ஒன்றை முடிக்காமல் விடுவது ஆபத்தாகிவிடும் என்று தனக்குத் தோன்றுவதாகவும் சொல்லிக்கொள்கிறான். பிறகு, பையில் சிவப்பு நூலால் தன் பெயர் தைக்கப்பட்டிருக்கும் ஏப்ரனை மடித்து வைக்கிறான். இதை வாழ்நாள் முழுக்க நீ உணர்வாய் என்கிறார் லெங்கல். அதுவும் உண்மை என்று தனக்குத் தெரியும் என்கிறான் சாம்மி. எதிராளியின் இரண்டு வாதங்களையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளும் கலகக்காரனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வழக்கமாக இத்தகைய கதைகளில் மறுபக்கத்துக்காரர் முட்டாளாகவோ கொடியவராகவோ இருப்பார், எதிர்ப்பது எளிதாகிவிடும். லெங்கல் இரண்டும் இல்லை. அவர் பெருமூச்சு விடுகிறார், பொறுமையாகவும் வயதானவராகவும் தெரிகிறார். சரியான வாதங்களுக்கு எதிரே நிற்கும்போது சாம்மியிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனதன் நினைவு. அந்த நினைவு உள்ளே பிசைய, கல்லாவின் பொத்தானை ஓங்கி அழுத்துகிறான், பணப்பெட்டி வெளியே தெறிக்கிறது. எடுக்கவோ வைக்கவோ எதுவும் இல்லாத, விற்பனை இல்லாதபோது அழுத்தும் பொத்தான்.

இந்த இடத்தை நான் இவ்வளவு நேரம் சுற்றிவருவதற்கு என் சித்தி மகனும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றான். நின்றான் என்று சொல்வது வேலை பார்த்தான் என்ற பொருளில் மட்டுமில்லை. காலை கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021-இல்தான் வந்தது, இது அதற்கு முன்பு. ஆடி மாதக் கூட்டத்தில், உடம்புக்கு முடியாமல் அடுக்கில் சாய்ந்து நின்ற ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கேவலமாகப் பேசினார். இவன் கையிலிருந்த சேலையை மேசையில் வைத்துவிட்டு, “நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்” என்றான். அவனைச் சேர்த்துவிட்டவர் அதே கடையில் கணக்கு பார்ப்பவர், சித்தப்பாவின் நண்பர். அவர் இவனைத் தனியே டீக்கடைக்கு அழைத்துப்போய், “உங்க அப்பா மூஞ்சில நான் எப்படிப்பா முழிக்கிறது?” என்று மட்டும் கேட்டார். இவன் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து சேலையைப் பிரித்துக் காட்டினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கை திருமணத்துக்குப் பணம் சேர வேண்டியிருந்த நேரம் அது. அவன் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். இந்தக் கதையை அவனுக்குச் சொன்னபோது வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அன்னைக்கு நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கலன்னே வச்சுக்கலாம்ணே. ஆனா நான் கேட்டேன்ல” என்றான். லெங்கலின் கேள்விக்கு “ஒன்றுமில்லை” என்று சொல்லியிருந்தால் சாம்மிக்குள் என்ன தங்கியிருக்கும் என்பதை இதைவிட நன்றாக நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

சிவந்த முகம் யாருடையது

இவ்வளவு சொன்ன பிறகும் சாம்மியை முழுமையாக ஏற்றுக்கொள்ள முடியாத ஓரிடம் எனக்கு இருக்கிறது. கதையின் முதற்பாதி முழுவதும் அவன் அந்தப் பெண்களின் உடம்பை அங்கம் அங்கமாகப் பார்க்கிறான். பெண்களின் தலைக்குள் உண்மையிலேயே மனம் ஒன்று இருக்கிறதா, இல்லை கண்ணாடிச் சாடிக்குள் தேனீ ரீங்கரிப்பது போன்ற சத்தம்தானா என்று யோசிக்கிறான். வட்டத்தில் ஓர் இளம்பெண் இதைச் சுட்டிக்காட்டி, இவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தவன் திடீரென்று காப்பாற்றக் கிளம்பினால் அதை எப்படி நம்புவது என்று கேட்டார். தலைமையாசிரியரின் கேள்வியைவிட இது கடினமானது. அந்தப் பெண்களுக்குக் காப்பாற்ற ஆள் தேவைப்படவும் இல்லை. “நாங்கள் ஒழுங்காகத்தான் இருக்கிறோம்” என்று மேலாளரின் முகத்துக்கு நேரே சொன்னவள் குவீனி. அந்தக் கடையில் அன்று முதலில் எதிர்த்துப் பேசியவள் அவள்தான். அவள் எதிர்ப்புக்கு ஒரு விலையும் இல்லை என்பதும் உண்மை. அவளுக்குப் போக இடம் இருக்கிறது, அந்தக் கடை அவள் வர்க்கத்தின் கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எனக்குக் கிடைத்த பதில் கறிப்பிரிவில் இருக்கிறது. பெண்கள் அங்கே வழி கேட்டுவிட்டு நகர்ந்ததும், கறி வெட்டும் மெக்மஹான் என்ற முதியவர் வாயைத் தட்டிக்கொண்டே அவர்களைப் பின்னாலிருந்து அளவெடுக்கிறார். வெட்டப்போகும் இறைச்சியை மூட்டு மூட்டாகப் பார்ப்பதுபோல. அதைச் சாம்மி பார்க்கிறான். பார்த்தவுடன் வரும் வரியில்தான் முதல் முறையாக, பாவம் அந்தப் பிள்ளைகள் என்று தனக்குத் தோன்றத் தொடங்கியது என்கிறான். அதுவரை தானும் செய்துகொண்டிருந்ததை இன்னொருவர் முகத்தில் அவன் காண்கிறான். அப்டைக் இதை விளக்கவில்லை. சாம்மி தன்னைத் திருத்திக்கொண்டதாகவும் காட்டவில்லை. அடுத்த சில பத்திகளிலேயே அவன் பழைய பார்வைக்குப் போய் வருகிறான். 19 வயதில் ஒரு மனம் அப்படித்தான் இடம்மாறும், ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக. ஆனால் விலகும்போது கடைசியாக அவனை உந்துவது அவளுடைய தோளோ இடுப்போ இல்லை. அவள் வெட்கப்படுத்தப்பட்டாள் என்பது. உடம்பாகப் பார்த்தவளை அவமானப்படக்கூடிய ஓர் ஆளாகப் பார்க்கும் இடம்வரை அவன் வந்துவிட்டான். அந்த இளம்பெண்ணுக்கு இது போதுமான பதிலா என்று கேட்டால், முழுமையாகப் போதாது என்றுதான் சொல்வேன். நடந்திருக்கும் தூரம் குறைவு. நடந்திருக்கிறான் என்பது மெய்.

வெளியே

அப்டைக் முதலில் எழுதிய வடிவில் கதை இன்னும் சற்று நீண்டு, சாம்மி கடற்கரைக்குப் போய் அந்தப் பெண்களைத் தேடுவதாகவும், அவர்களைக் காணாததாகவும் இருந்திருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் சொன்னதால் அந்தப் பகுதியை விலக்கியதாக அப்டைக்கே பிற்காலப் பேட்டியில் கூறியிருக்கிறார். அது அச்சாகியிருந்தால் தலைமையாசிரியரின் வாதம்தான் வென்றிருக்கும், ஏனென்றால் தேடிப் போகிறவனுக்கு அந்தப் பெண்கள்தான் கடைசிவரை காரணம். நமக்குக் கிடைத்திருக்கும் வடிவில் அவன் முந்தின இரவு அம்மா இஸ்திரி போட்டுத் தந்த வெள்ளைச் சட்டையோடு வாகன நிறுத்துமிடத்துக்கு வருகிறான். பெண்களின் காரைக் காணோம். வெளிர்நீல ஃபால்கன் காரின் கதவருகே இளந்தாய் ஒருத்தி, ஏதோ மிட்டாய் கிடைக்காத குழந்தைகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் தன் இடத்தில் லெங்கல் நின்று பில் போடுகிறார். மேலாளர் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பவர், ஆள் போனதும் ஏப்ரன்காரன் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு, விறைத்த முதுகோடு நிற்கிறார். இனி இந்த உலகம் தன்னிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளும் என்பதை உணர்ந்தபோது வயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டதாகச் சாம்மி சொல்கிறான். கதை நின்றுவிடுகிறது.

ஆனால் கடைசி வரிக்கு முன்பே, கதையின் நடுவில், பின்னாளில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. இனி வருவது சோகமான பகுதி, குறைந்தபட்சம் என் குடும்பத்தார் அப்படிச் சொல்கிறார்கள், எனக்குச் சோகமாகத் தோன்றவில்லை என்கிறான். அப்படியென்றால் இந்த நிகழ்ச்சி வீட்டில் பேசப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒருமுறைக்கு மேல் அலசப்பட்டிருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, வருத்தப்பட்டிருக்கிறார்கள், லெங்கல் சொன்னது ஒன்று பலித்துவிட்டது. புறப்போராட்டம் கடைக்குள் ஒரு வியாழக்கிழமையோடு முடிந்தது, வீட்டுக்குள் அது இன்னும் நடக்கிறது. இப்போது என்ன வேலை பார்க்கிறான், வேறு வேலை கிடைத்ததா, குவீனியை மறுபடி கண்டானா என்று ஒரு தகவலும் தராமல், தனக்கு அது சோகமில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். அவனை நான் நம்புகிறேன். குடும்பத்தார் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம், லெங்கல் சொன்ன இரண்டும் உண்மையாக இருந்ததைப் போல.